எலெக்ட்ரிக்கிலிருந்து அக்கூஸ்டிக்குக்கு: கையைக் குறை சொல்லும் முன் கிடாரைச் சோதியுங்கள்

எலெக்ட்ரிக் கிடாரில் மூன்று நான்கு ஆண்டுகள் ஊறியவர்கள் அக்கூஸ்டிக் வாங்கிய முதல் மாதத்தில் என்னிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "என் கை போய்விட்டது போலிருக்கிறது." கை எங்கும் போகவில்லை. சென்னையில் நண்பர்களின் கிடார்களையும், அவர்களிடம் கற்கும் பிள்ளைகளின் கிடார்களையும் பல ஆண்டுகளாகச் சரிசெய்து தருகிறேன். வலிக்கிறது என்று வரும் கிடார்களில் பெரும்பாலானவை பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இருக்கும். நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பள்ளத்தில் அமரும் சிறு கட்டை) உயரம், சேடில் (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் மேல் நிற்கும் மெல்லிய பட்டை) உயரம், தடித்த கம்பி. யாரும் அதை ஒருமுறைகூட அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டு, கடைசியில் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழைய கிடாருக்கே திரும்பியவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், பணம் கேட்பது கடைசியில்.

தேவையானவை: அரை மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்டீல் ஸ்கேல், கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஓர் உலோகக் கோட்டில், அழுத்திப் பிடிக்கும் கவ்வி), டியூனர், கைப்பேசி வெளிச்சம். இரு சக்கர வாகன உதிரிபாகக் கடையில் வால்வு இடைவெளி பார்க்க விற்கும் ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறேன்: மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6.

## எல்லாவற்றுக்கும் முன்: அது எந்தக் கிடார்?

மேல் மூன்று கம்பிகள் நைலானாக, கழுத்து 50 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, கம்பிகள் பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தால் உங்களிடம் இருப்பது கிளாசிகல் கிடார். கைக்குப் பழகிய 42, 43 மில்லிமீட்டர் கழுத்துக்குப் பிறகு அது பலகையைப் பிடித்தது போலத் தோன்றுவது இயல்பு. அதில் பழுது ஒன்றும் இல்லை, அது வேறு கருவி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சத்தம் போதவில்லை என்று கிளாசிகல் கிடாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். நைலான் கம்பிகளின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ. 12 கேஜ் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) ஸ்டீல் செட்டின் இழுவையோ 70 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்துக்கு அந்த முன்பலகை செய்யப்படவில்லை. ஒரு கல்லூரி மாணவர் அப்படி மாட்டி இரண்டு மாதம் வாசித்துவிட்டு எடுத்து வந்தார். பிரிட்ஜின் பின்பக்கம் பிளந்து எழுந்திருந்தது, கழுத்து வில்லாக வளைந்திருந்தது. அவர் தாத்தா வாங்கிக் கொடுத்த கிடார் அது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே தளர்த்திவிடுங்கள்.

இனி வருவதெல்லாம் ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் பற்றியது.

## அறிகுறி: விரல் நுனி எரிகிறது, கம்பி அழுந்த மறுக்கிறது

என்னிடம் வருபவற்றில் மிக அதிகமான புகார் இதுதான். எங்கே கடினமாக இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இடம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

### கழுத்து முழுக்க ஒரே மாதிரி கடினம், கம்பியோ தாழ்வாகத்தான் தெரிகிறது

கம்பியின் தடிமன்தான் காரணம். உங்கள் எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10 செட் இருந்திருக்கும். கடையிலிருந்து வரும் அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 12 செட். 9 செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது 40 கிலோவுக்கும் குறைவு. ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தை உங்கள் விரல் திடீரென்று எதிர்கொள்கிறது. வலிக்கத்தான் செய்யும்.

செலவில்லாத வழி: ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்து ஒரு வாரம் வாசியுங்கள். இளக்கம் உடனே தெரியும்.

சிறு செலவு: 11–52 அக்கூஸ்டிக் செட் ஒன்று மாட்டுங்கள். எலெக்ட்ரிக்கிலிருந்து வரும் எல்லோருக்கும் நான் சொல்வது இந்த 11தான். 10–47 இன்னும் இலகு என்றாலும் ஒலியின் உடம்பு மெலிந்துவிடும், ஓங்கி அடித்தால் கம்பி ஃபிரெட்டில் உரசும். 12க்குப் பிறகு போகலாம், அவசரமில்லை.

கேஜ் மாற்றினால் கழுத்தின் வளைவும் சற்று மாறும். இரண்டு நாள் விட்டு, கீழே சொல்லும் வளைவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

### முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் கொடுமை, எஃப் கார்டு விழவே இல்லை

1ஆம் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள். அதே எஃப் வடிவ பார் கார்டை (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கார்டு) ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடியுங்கள். "அட, இப்போது விழுகிறதே!" என்றால் குற்றவாளி நட். கேப்போ நட்டின் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு, அதன் கூடுதல் உயரத்தை இல்லாமல் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

உறுதி செய்ய: கேப்போவை எடுத்துவிட்டு, 2ஆம் ஃபிரெட்டுக்கும் 3ஆம் ஃபிரெட்டுக்கும் நடுவில் கம்பியை அழுத்துங்கள். 1ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் மட்டுமே தெரிய வேண்டும். அங்கே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளம் உயரம். ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 6 சரியாக இருந்து 2 மட்டும் உயர்ந்திருப்பதும் உண்டு.

இதை வீட்டில் சரிசெய்ய வேண்டாம். நட் பள்ளத்தை ஆழப்படுத்த ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஏற்ற தனி அரம் வேண்டும். ஊசி அரத்தாலும் பிளேடாலும் தோண்டிக்கொண்டு வந்த கிடார்கள் பல. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனாலே திறந்த கம்பி ஜிர்ரென்று இரையும், நட்டையே மாற்ற வேண்டியதாகும். கிடார் செட்டப் செய்பவரிடம் கொடுங்கள். அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. எலெக்ட்ரிக்கில் ஆண்டுக்கணக்கில் எஃப் பிடித்தவர் அக்கூஸ்டிக்கில் அது விழவில்லை என்று தலைகுனிந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

### 5ஆம் ஃபிரெட்டைத் தாண்டப் போகப் போகக் கடினம்

12ஆம் ஃபிரெட்டின் மேல்விளிம்பிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்கேலால் அளங்கள். கிடார் மடியில் வாசிக்கும் நிலையில் இருக்கட்டும், படுக்க வைத்து அளக்க வேண்டாம். 6ஆம் கம்பிக்கு 2.3 முதல் 2.5 மில்லிமீட்டர், 1ஆம் கம்பிக்கு 1.6 முதல் 1.9 வரை இருந்தால் அது நன்றாக அமைந்த அக்கூஸ்டிக். எலெக்ட்ரிக்கில் 1.5 பழகிய கைக்கு இதுவே சற்று உயரம்தான், ஆனால் இதற்குக் கீழே போனால் அக்கூஸ்டிக் தன் குரலை இழக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் காட்டினால் கீழே உள்ள வரிசையில் போங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஈரப்பதம். மரம் ஈரத்தைக் குடித்தால் முன்பலகை உப்பும், பிரிட்ஜ் உயரும், கூடவே கம்பியும் உயரும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. பங்குனியில் சரியாக இருந்த கிடார் தீபாவளிக்குப் பிறகு கடினமாகிவிட்டது என்றால் எதையும் அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உறைக்குள் வைத்து மூடி இரண்டு வாரம் பொறுத்து மறுபடி அளங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை உறைக்குள் போட்டு வைப்பது நல்லது. 45 முதல் 55 சதவீதம் வரை கிடாருக்கு உகந்தது.

அடுத்து கழுத்தின் வளைவு. 1ஆம் ஃபிரெட்டில் கேப்போ. கழுத்து உடலோடு சேரும் 14ஆம் ஃபிரெட்டில் 6ஆம் கம்பியை விரலால் அழுத்துங்கள். 7ஆம் ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் சரி. 0.4க்கு மேல் இருந்தால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டு) ஒலித்துளைக்குள்ளிருந்தோ தலைப்பகுதி மூடிக்குக் கீழிருந்தோ, கச்சிதமாகப் பொருந்தும் ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள். இறுகி நின்றால், முனகினால், கீ நழுவினால் அங்கேயே நிறுத்துங்கள். டிரஸ் ராடு முறிந்தால் பெரிய செலவு. வளைவு சரியாக இருந்தும் கம்பி உயரமாக இருந்தால் டிரஸ் ராடைத் தொடவே கூடாது. உயரத்தைக் குறைப்பது அதன் வேலை அல்ல.

பிறகு சேடில். எலெக்ட்ரிக்கில் இரண்டு சிறு திருகைத் திருப்பிக் கம்பியை இறக்குவீர்கள். இங்கே அப்படி வசதி கிடையாது. எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சேடிலின் அடியைத் தேய்த்துத்தான் இறக்க வேண்டும். கணக்கு எளிது: 12ஆம் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, தேய்க்க வேண்டிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு, சேடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்கலாம். கை நிதானமும் பொறுமையும் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது. பத்து இழுப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தேய்த்தது தேய்த்ததுதான், ஒட்ட முடியாது. முதல் தடவை என்றால், ஐம்பது நூறு ரூபாய்க்கு மாற்றுச் சேடில் ஒன்று வாங்கி அதைத் தேய்த்துப் பழகிவிட்டு அசலைத் தொடுங்கள். சேடிலுக்கு அடியில் பிக்கப் (ஒலியை ஆம்ப்புக்கான மின்சைகையாக மாற்றும் பாகம்) இருந்தால் இந்த வேலையைச் செட்டப் செய்பவரிடமே விடுங்கள்.

நிற்க வேண்டிய இடம்: தேய்த்த பிறகு பிரிட்ஜுக்கு மேலே சேடில் 2 மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். இப்போதே அவ்வளவுதான் நிற்கிறது, கம்பியோ இன்னும் உயரம் என்றால் சிக்கல் கழுத்தின் கோணத்தில். நீண்ட ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டு ஏற வேண்டும். பிரிட்ஜின் நெற்றியில் மோதி நின்றால் கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பூட்ட வேண்டிய நிலை. விலை உயர்ந்த கிடாருக்கு அது தகும். பத்தாயிரம் ரூபாய்க் கிடாருக்கு அந்தச் செலவில் இன்னொரு கிடாரே வந்துவிடும். உணர்ச்சிக் காரணம் இல்லையென்றால் செலவழிக்காதீர்கள்.

## அறிகுறி: பெண்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) ஏறவில்லை, ஸ்வரம் சட்டென்று செத்துவிடுகிறது

3ஆம் கம்பியைப் பாருங்கள். உங்கள் எலெக்ட்ரிக்கில் அது வெறும் கம்பி. அக்கூஸ்டிக்கில் 3ஆம் கம்பியிலேயே வெண்கலச் சுற்று தொடங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக்கில் முழு ஸ்வரம் தூக்கிய அதே தள்ளல் இங்கே அரை ஸ்வரத்தைத் தொட்டாலே அதிசயம்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: எலெக்ட்ரிக் 10 செட்டையே அக்கூஸ்டிக்கில் மாட்டுகிறார்கள். வெறும் 3ஆம் கம்பி பெண்ட் ஆகும், உண்மைதான். ஆனால் சேடில் வெட்டப்பட்டிருப்பது சுற்றுக் கம்பிக்காக. வெறும் கம்பி அங்கே மேலே போகப் போகச் சுருதி கூடி ஒலிக்கும். முன்பலகையை அசைக்கும் பலம் அந்தக் கம்பிகளுக்குக் கிடையாது, ஒலி தகரம் போல ஆகும்.

11 செட், அரை ஸ்வரம் இறக்கிய சுருதி, அல்லது கம்பி நீளம் குறைந்த கிடார், இவை மூன்றும் உதவும். ஆனால் உண்மையான தீர்வு வாசிப்பில்தான். பெண்டை 1, 2ஆம் கம்பிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். மற்ற இடங்களில் ஸ்லைடு, ஹேமர் ஆன், அரை ஸ்வர அசைவு. ஸ்வரம் நீண்டு நிற்கவில்லை என்பதைப் பழுதாகக் கருத வேண்டாம். ஆம்ப்ளிஃபையரும் டிஸ்டார்ஷனும் இவ்வளவு நாள் உங்களுக்காகப் பிடித்து வைத்திருந்த நீளம் அது. இங்கே இடைவெளியை அடுத்த ஸ்வரத்தாலோ திறந்த கம்பியாலோ நிரப்பக் கற்க வேண்டும்.

## அறிகுறி: ஜிர்ரென்று இரைகிறது

எந்தக் கம்பி, எந்த ஃபிரெட், எப்போது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

ஓங்கி அடித்தால் மட்டும். வலது கை. ஆம்ப் இல்லாத குறையைப் பிக்கால் ஈடுகட்டுகிறீர்கள். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கையை நகர்த்தி, பிக்கைத் தளர்த்திப் பிடித்து அடித்துப் பாருங்கள். சத்தம் குறையாமலே இரைச்சல் போய்விடும்.

மெதுவாக அடித்தாலும், எல்லாக் கம்பியிலும். நாள் முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறையா? மரம் வறண்டு முன்பலகை அமிழ்ந்திருக்கலாம். கழுத்தின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் அரம் போலக் குத்தினால் வறட்சி உறுதி. ஈரப்பதத்தைத் தானே சமன் செய்யும் பொட்டலங்கள் இசைக் கடைகளில் கிடைக்கின்றன, உறையில் போட்டு இரண்டு வாரம் விடுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் வளைவுச் சோதனை. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃபிரெட்டைத் தொட்டால் டிரஸ் ராடைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள்.

திறந்த கம்பியில் மட்டும். நட் பள்ளம் ஆழம். செட்டப் செய்பவர்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும். அங்கே ஒரு ஃபிரெட் எழுந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. இதுவும் அவர் வேலை.

எந்த ஃபிரெட்டிலும் இல்லை, ஆனால் எங்கோ நடுங்குகிறது. சுருதித் திருகின் நட்டுகள், ஸ்ட்ராப் பொத்தான், பேட்டரி அறை, உள்ளே ஒட்டு விட்டுத் தொங்கும் பிக்கப் வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி வாசியுங்கள். கடைசியாக முன்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் உடைந்தால் உள்ளே ஒரு தாங்குகட்டை ஒட்டு விட்டிருக்கிறது. கம்பியைத் தளர்த்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஒலி சப்பென்று இருக்கிறது

கம்பி பழையதா? கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து வெண்கலச் சுற்றை இரண்டு மூன்று வாரத்தில் கொன்றுவிடும். கறுத்திருந்தால் மாற்றுங்கள். மேற்பூச்சுள்ள கம்பி விலை கூடுதல் என்றாலும் இந்தக் காற்றுக்குக் கட்டுபடியாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது அதைவிட மலிவு.

பிக் எது? எலெக்ட்ரிக்கில் பயன்படுத்திய 1.5 மில்லிமீட்டர் தடித்த பிக் கார்டு அடிக்கும்போது மரத்தில் முட்டுவது போல ஒலிக்கும். 0.7 அளவில் ஒன்று வாங்கிப் பாருங்கள்.

கம்பி புதிது, பிக் சரி, இருந்தும் சப்பென்று இருந்தால் முன்பலகை பிளைவுட்டாக இருக்கலாம். ஒலித்துளையின் விளிம்பில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பு வழியாக அப்படியே கீழே இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதற்குச் சிகிச்சை கிடையாது. அடுத்த கிடார் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

## அறிகுறி: தோள் வலிக்கிறது, மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எட்டவில்லை

எலெக்ட்ரிக்கின் தடிமன் நாலரை சென்டிமீட்டர். டிரெட்நாட் என்னும் பெரிய உடல் வடிவ அக்கூஸ்டிக்கின் பெட்டி ஆழம் 12 சென்டிமீட்டர், கீழ் அகலம் ஏறக்குறைய 40. வலது தோளைத் தூக்கிப் பெட்டியைத் தழுவிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தால் யாருக்கும் வலிக்கும்.

உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் போடுங்கள், இடது தொடையில் வைத்துப் பாருங்கள். வலது முன்கையின் பாரம் பெட்டியின் விளிம்பில் படாமல் சற்று உள்ளே தள்ளி விழட்டும். இரண்டு வாரம் இப்படி வாசித்தும் வலி குறையவில்லையென்றால் கிடாரின் உருவம் உங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை. விரல் மரத்துப்போனாலோ, வலி இரவிலும் தொடர்ந்தாலோ கிடாரை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மேல் ஃபிரெட் எட்டாததற்கு மருந்து ஒன்றுதான்: கழுத்தருகே பெட்டியின் தோள் வெட்டிய கிடார். 14ஆம் ஃபிரெட்டுக்கு மேல் நீங்கள் உண்மையில் எவ்வளவு வாசிக்கிறீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: சுருதி நிற்கவில்லை

புதுக் கம்பி என்றால் 12ஆம் ஃபிரெட்டருகே மெல்ல இழுத்து விட்டு மூன்று நான்கு முறை சுருதி சேருங்கள். திருப்பும்போது நட்டில் 'டிக்' என்று கேட்டால் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் கரியைத் தடவுங்கள். திறந்த கம்பி சரியாக இருந்து 12ஆம் ஃபிரெட் மட்டும் சுருதி கூடினால், முதலில் கம்பியை மாற்றுங்கள், பிறகு கம்பி உயரத்தை அளங்கள். உயரமான கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறும். எலெக்ட்ரிக் கை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் இதே விளைவைத் தரும். இவையெல்லாம் சரி என்றால்தான் சேடிலின் முனையை மாற்றி வெட்டச் சொல்லிச் செட்டப் செய்பவரிடம் போக வேண்டும்.

## அறிகுறி: ஆம்ப்பில் மாட்டினால் கூச்சலிடுகிறது அல்லது பிளாஸ்டிக் போல ஒலிக்கிறது

கரகரப்பு, ஒலி உடைதல். பேட்டரி. பெரும்பாலும் 9 வோல்ட் ஒன்று உள்ளே இருக்கும். கேபிளைச் செருகி வைத்திருக்கும் நேரமெல்லாம் அது கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் புதியது போடுங்கள்.

'ஊ' என்ற கூச்சல். ஸ்பீக்கரை நேருக்கு நேர் பார்த்து நிற்காதீர்கள். ஈக்யூவில் பாஸைக் குறையுங்கள். கிடாரில் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடி ஒன்று வாங்குங்கள். மேடையில் இதைவிட நன்றாக உழைக்கும் மலிவான பொருளை நான் பார்த்ததில்லை.

மந்தமாக, பெட்டிக்குள் பேசுவது போல. எலெக்ட்ரிக் ஆம்ப்பில் மாட்டியிருக்கிறீர்கள். அதன் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தராது. அக்கூஸ்டிக்கின் பளபளப்பு முழுக்க அதற்கு மேலேதான் இருக்கிறது. டி.ஐ. பாக்ஸ் (கிடாரின் மின்சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள், அல்லது அக்கூஸ்டிக் ஆம்ப்.

ஒரு கம்பி மட்டும் அமுங்கி ஒலிக்கிறது. சேடிலுக்கு அடியில் உள்ள பிக்கப் என்றால் சேடிலின் அடி சமமாக உட்காரவில்லை. யாரோ தேய்த்திருக்கிறார்கள். பழுது பார்ப்பவரிடம் போங்கள். ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்பில் 1, 2ஆம் கம்பிகள் மட்டும் ஓங்கினால் பழுது இல்லை. வெண்கலம் காந்தத்துக்குக் கட்டுப்படாது, உள்ளே உள்ள ஸ்டீல் இழையை மட்டுமே அது கேட்கிறது. உயரம் மாற்றும் திருகுகள் பிக்கப்பில் இருந்தால் அந்தக் கம்பிகளின் பக்கம் இறக்குங்கள்.

## அறிகுறி: கடையில் எல்லாமே நன்றாக ஒலிக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை

எலெக்ட்ரிக்கிலிருந்து வருபவர் கையில் கடைக்காரர் முதலில் தருவது டிரெட்நாட்தான். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் உருவாக்கிய வடிவம் அது. பெயர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. கூட்டத்தில் பாடகருக்குப் பின்னால் ஓங்கிக் கார்டு அடிக்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் தனி ஸ்வரம், ஃபில், மெலிந்த விரல் வாசிப்பு என்று வளர்ந்த எலெக்ட்ரிக் கைக்கு அது முதல் தேர்வு அல்ல என்பதே என் உறுதியான கருத்து. வாழ்நாளெல்லாம் எலெக்ட்ரிக்கோடு அறியப்பட்ட எரிக் கிளாப்டன் 1992இல் மேடையில் உட்கார்ந்து அக்கூஸ்டிக் வாசித்தபோது கையில் இருந்தது சிறிய உடல் கொண்ட மார்ட்டின் 000-42. இடுப்பு குறுகி, ஆழம் குறைந்து, கம்பி நீளமும் 632 மில்லிமீட்டர் அளவில் குறைந்த அந்த வகைதான் நம் கைக்கு நெருக்கம்.

அந்த விலையெல்லாம் வேண்டாம். யமஹாவின் எஃப்எஸ்800ஐயும் எஃப்ஜி800ஐயும் அடுத்தடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் முன்பலகை ஒரே மரப் பலகை. முதலாவதன் கம்பி நீளம் 634 மில்லிமீட்டர், இரண்டாவதன் நீளம் 650, உடலும் பெரிது. 16 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இரண்டிலும் ஒரு பார் கார்டைப் பிடித்தால் போதும்.

நட் அகலம் பிக் வாசிப்புக்கு 43 மில்லிமீட்டர். விரலால் மீட்டப் போகிறீர்கள் என்றால் 44.5 வசதி. மேடையில் மட்டுமே வாசிப்பீர்கள் என்றால் பிக்கப்போடு வரும் ஒல்லியான உடல் பொருந்தும். வீட்டுக் கூடத்தில் ஆம்ப் இல்லாமல் வாசிப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காற்றே இல்லாத ஒலி அது. பிக்கப்புக்காகக் கூடுதல் விலை கொடுத்துப் பிளைவுட் முன்பலகை வாங்குவதைவிட, நல்ல பலகையோடு வாங்கிப் பிறகு பிக்கப் பூட்டிக்கொள்ளலாம்.

கடைக்கு ஸ்கேலையும் கேப்போவையும் எடுத்துச் செல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். 12ஆம் ஃபிரெட்டில் அளங்கள், 3ஆம் ஃபிரெட் அழுத்தி நட்டைப் பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் துண்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கிடாரை வைத்துவிடுங்கள். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் கேளுங்கள், மரம் ஒன்றுபோல் இருக்காது. கம்பி உயரமாக இருப்பது வாங்காமல் விடக் காரணம் அல்ல. பிரிட்ஜுக்கு மேல் சேடில் 4 மில்லிமீட்டராவது நின்றால் இறக்க இடம் இருக்கிறது. விலை பேசும்போதே 11 செட் மாட்டி, நட்டையும் சேடிலையும் இறக்கித் தர வேண்டும் என்று கேளுங்கள், அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: 6ஆம் கம்பி 2.4, 1ஆம் கம்பி 1.7. எடுக்கப் போகும் நாளிலும் அதே ஸ்கேல் கையில் இருக்கட்டும்.